டோங்கா வேடத்துக்கு யார் பொருத்தம்? அந்தமான் தீவுகளும் நடிகர் தேர்வின் வரலாறும்

ஹேவ்லாக் தீவிலிருந்து உலகத் திரைக்குச் சென்றவர்களில் மிகுந்த புகழ்பெற்றது ஒரு யானை. ராஜன் என்ற அந்த யானை கடலில் நீந்துவதை நீருக்கடியிலிருந்து காட்டும் காட்சி, தர்சேம் சிங் இயக்கி 2006-இல் வெளிவந்த 'தி ஃபால்' படத்தில் இடம்பெற்றது. அதன்பின் ராஜன் அந்தமானின் முகமாகவே ஆயிற்று. சுவரொட்டிகளிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் அதன் படம் அச்சாகியது. ஆனால் ராஜன் இத்தீவுகளின் உயிரினமன்று. அந்தமான் காடுகளில் இயற்கையாக யானைகள் இல்லை. மரத் தொழிலுக்காகப் பெருநிலத்திலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட யானைகளுள் அதுவும் ஒன்று. வெட்டிய மரத்தை இழுக்கத் தீவுக்குத் தீவு செல்ல வேண்டியிருந்ததால் கடலில் நீந்தப் பழகியது. மரத் தொழில் ஒடுங்கிய பின் ஹேவ்லாக்கில் சுற்றுலாப் பயணிகளுக்கு நீந்திக் காட்டி, 2016-இல் அங்கேயே இறந்தது.

யானைக்குக் கிடைத்த இந்த இடம் ஹேவ்லாக்கின் தொல்குடிகளுக்குக் கிடைக்கவில்லை. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரிச்சி தீவுக்கூட்டம், அகர்-பாலே என்னும் மக்களின் தாயகமாக இருந்தது. பெரும் அந்தமானியர் என்று தொகுத்து அழைக்கப்படும் பத்துக் குழுக்களுள் அவர்கள் ஒரு குழுவினர். பிரிட்டிஷ் குடியேற்றத்துக்குப் பின் பரவிய நோய்களால் அவர்கள் குறைந்து குறைந்து, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தனிச் சமூகமாக இல்லாமல் போயினர். இன்று ஹேவ்லாக்கில் கோவிந்த நகர், விஜய நகர், ராதா நகர் என்ற ஊர்களில் வாழ்வோரில் பெரும்பாலோர், 1950-களிலிருந்து குடியமர்த்தப்பட்ட கிழக்கு வங்க அகதிகளின் வழிவந்தவர்கள்.

அகர்-பாலே மக்கள் மறைந்தனர். 'அந்தமான் தீவுக்காரன்' என்ற வேடம் மறையவில்லை. 1890-இல் ஓர் ஆங்கில நாவல் எழுதிவைத்த அந்த வேடத்தை, அத்தீவுகளோடு தொடர்பற்ற பலர் மாறி மாறி ஏற்று வந்திருக்கின்றனர். பொருந்தாத நடிகர் தேர்வு என்பது பொதுவாக ரசனைக் குறையாகவே பேசப்படுகிறது: குரல் ஒத்துவரவில்லை, வயது ஒத்துவரவில்லை, வட்டார வழக்கு வாயில் நுழையவில்லை என்பன வழக்கமான புகார்கள். அந்தமானின் வரலாறு இப்புகார்களுக்குப் பின்னால் உள்ள வேறொரு கேள்வியை முன்வைக்கிறது. ஒரு வேடத்துக்குப் பொருத்தமான நடிகரே கிடைக்க முடியாதபோது, கிடைத்தாலும் அவரை நடிக்கச் சொல்லக் கூடாதபோது, அந்த வேடத்தை என்ன செய்வது?

1. உடலும் வேடமும்: தமிழ் மேடையின் வழக்கம்

முதலில் ஒரு தெளிவு தேவை. நடிகரின் உடலும் வேடத்தின் உடலும் ஒத்திருக்க வேண்டும் என்ற விதி தமிழ் மேடையில் இருந்ததில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவர்களே அரசர், அரசி, முனிவர், எமன் எல்லாம். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் முகவெட்டையும் குரலையும் பார்த்துப் பிரிக்கப்பட்டன. மகரக்கட்டு வந்து குரல் உடைந்த சிறுவன் வேடத்தை இழந்தான். அங்கே பொருத்தம் என்பது பெரும்பாலும் பாட்டின் பொருத்தம். சென்னையில் 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் நிறுவிய சுகுண விலாச சபையில் படித்த, உத்தியோகம் பார்த்த ஆண்களே பெண் வேடம் ஏற்றனர். அவர் கதாநாயகனாக நடித்த நாடகங்களில் நாயகியாக நின்றவர் ரங்கவடிவேலு.

பால சபையில் வளர்ந்த தி. க. சண்முகம், 1940-களில் ஔவையாராக மேடையேறினார். நடுவயதைக்கூட எட்டாத ஆண், நரைமூதாட்டியாக நடித்தார். அவ்வேடமே அவர் பெயரின் முன்னொட்டாகி 'ஔவை சண்முகம்' என்று நிலைத்தது. 1953-இல் ஜெமினி நிறுவனத்தின் 'ஔவையார்' படத்தில் அதே வேடத்தை ஏற்றவர் கே. பி. சுந்தராம்பாள். இருவரில் யார் பொருத்தமானவர் என்று இன்று எவரும் வழக்காடுவதில்லை. பார்ப்போரும் நடிப்போரும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. வேடம் வேடம்தான் என்று இரு தரப்பும் அறிந்திருந்தன.

சுந்தராம்பாளின் முந்தைய படம் இந்த ஒப்பந்தத்தின் எல்லையைக் காட்டுகிறது. 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக அவரும், வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயரும் நடித்தனர். சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது; அக்காலத்தில் வியப்பூட்டிய தொகை அது. 1942-இல் ஜெமினியின் 'நந்தனார்' வந்தபோது அவ்வேடம் தண்டபாணி தேசிகருக்குச் சென்றது. முதற்படத்தில் ஆண் வேடத்தில் பெண் என்பது கண்ணுக்குத் தெரிந்த பொருத்தமின்மை. இரண்டு படங்களிலும் கண்ணுக்குத் தெரியாத பொருத்தமின்மை ஒன்று இருந்தது. கோயிலுக்குள் நுழைய முடியாத ஒருவரின் கதையை நடிக்க, அந்த அனுபவம் உள்ள ஒருவரைத் தேடும் எண்ணத்துக்கு அன்றைய வணிகத் திரையில் இடமில்லை. பாட்டு இருந்தது, பாடவல்லார் புகழோடு இருந்தனர், அதுவே போதுமானதாகக் கருதப்பட்டது.

ஆகவே பொருத்தமின்மையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உடலுக்கும் வேடத்துக்கும் இடையிலான தூரம். கலை அதைக் கடக்கும், சில வேளைகளில் அதனாலேயே ஒளிபெறும். மற்றொன்று, சித்திரிக்கப்படுவோருக்கும் சித்திரிப்போருக்கும் இடையிலான அதிகாரத் தூரம். இதை ஒப்பனை மறைக்கும், கடக்காது.

2. இடம் மறுக்கப்பட்டவர்கள்

இரண்டாம் வகைக்கு உலகறிந்த சான்று 1937-இல் வெளிவந்த ஹாலிவுட் படமான 'தி குட் எர்த்'. பேர்ல் பக்கின் நாவலில் வரும் சீன உழவர் வாங் லுங் வேடம் பால் முனிக்குத் தரப்பட்டது. அவருடைய மனைவி ஓ-லான் வேடத்தை விரும்பியவர் அன்னா மே வோங். லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த சீன வம்சாவளி நடிகை, அப்போதே உலகப் புகழ் உடையவர். வெள்ளையரும் பிற இனத்தவரும் கணவன் மனைவியாகத் திரையில் தோன்றுவதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் தடுத்தன. கணவனாக வெள்ளையரைத் தேர்ந்த உடனேயே, மனைவியாகச் சீனப் பெண் நடிக்கும் வாய்ப்பு அடைபட்டுவிட்டது. ஓ-லானாக நடித்த லூயிஸ் ரெய்னர் ஆஸ்கர் விருது பெற்றார். வோங்குக்கு முன்வைக்கப்பட்டது, குடும்பத்தைக் குலைக்கும் இரண்டாவது பெண்ணின் வேடம். அதை அவர் மறுத்தார்.

தமிழில் அண்மைச் சான்று 2021-இல் வந்த 'ஜெய் பீம்'. 1993-இல் நிகழ்ந்த காவல் மரண வழக்கொன்றை அடிப்படையாகக் கொண்ட அப்படத்தில், பாதிக்கப்பட்ட குடும்பம் இருளர் சமூகத்தைச் சேர்ந்ததாகக் காட்டப்பட்டது. உண்மை வழக்கில் தொடர்புடையவர்கள் குறவர் சமூகத்தினர். நாயகி செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸ் கேரளத்தவர். தோலின் நிறம் ஒப்பனையால் கருமையாக்கப்பட்டது. அவருடைய உழைப்பும் நடிப்பும் பரவலாகப் பாராட்டப்பட்டன; அப்பாராட்டு தகுதியானதே. பழங்குடியினர் மீதான காவல்துறை வன்முறையைப் பொதுவெளியில் பேசவைத்ததும் அப்படத்தின் சாதனை. ஆயினும் ஒரு சமூகத்தின் துயரம் வேறொரு சமூகத்தின் பெயரில், இரண்டையும் சாராத நடிகர்கள் வழியே வந்து சேர்ந்தது என்பது வரலாற்று மாணவர்கள் குறித்துவைக்க வேண்டிய செய்தி. சித்திரிக்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் வாழ்கிறார்கள், படத்தைப் பார்த்தார்கள், கருத்துச் சொன்னார்கள். குறை இருந்தாலும் மறுமொழிக்கு வழி இருந்தது.

அந்தமானில் அந்த வழியும் இல்லை.

3. 'ஜாக்': உண்மை மனிதருக்குத் தரப்பட்ட வேடம்

1857 கிளர்ச்சிக்குப் பின் கைதிகளை அனுப்ப இடம் தேடிய கிழக்கிந்தியக் கம்பெனி, எஃப். ஜே. மௌவட் தலைமையில் ஒரு குழுவை அந்தமானுக்கு அனுப்பியது. 'புளூட்டோ' என்ற நீராவிக் கப்பலில் சென்ற அக்குழு, 1858 ஜனவரியில் தீவு மக்களோடு நிகழ்ந்த மோதலுக்குப் பின் ஒருவரைப் பிடித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது. அவருடைய உண்மைப் பெயர் பதிவாகவில்லை. மாலுமிகள் இட்ட பெயர் 'ஜாக்'. அவருக்குக் கப்பலோட்டியின் உடை அணிவிக்கப்பட்டது. கல்கத்தாவில் ஒளிப்படம் எடுக்கப்பட்டது. மக்கள் கூடிப் பார்த்தனர். உடல்நலம் குன்றியதும் அவரைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டனர். மௌவட் 1863-இல் வெளியிட்ட நூலில் இந்நிகழ்வு விரிவாக உள்ளது.

நடிகர் தேர்வின் வரலாறாகப் பார்த்தால் இது விந்தையான தொடக்கம். இங்கே ஆள் அசல், வேடம் போலி. அந்தமானியர் ஒருவரே கிடைத்தபோதும் அவருக்கு வேறொரு பெயரும் உடையும் கொடுத்து, பார்வையாளர் விரும்பிய பாத்திரமாக நிறுத்தினார்கள். 'உண்மையான' ஆளைத் தேர்ந்துவிட்டால் சிக்கல் தீரும் என்ற எண்ணத்தை 1858-இன் கல்கத்தாவே பொய்யாக்கிவிட்டது. யார் நடிக்கிறார் என்பதோடு, எழுதுபவர் யார், இயக்குபவர் யார், மறுக்கும் உரிமை எவரிடம் உள்ளது என்பனவும் சேர்ந்தே பொருத்தத்தைத் தீர்மானிக்கின்றன.

1858 மார்ச்சில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. 1860-களில் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' அமைத்துத் தீவு மக்களைப் 'பழக்கும்' முயற்சி நடந்தது. அங்கிருந்தும் சிலர் கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் காட்சிப்பொருளாயினர். 1877-இல் பரவிய தட்டம்மை உள்ளிட்ட நோய்கள் பெரும் அந்தமானியரைச் சூறையாடின.

4. டோங்கா: பிழையான ஏட்டிலிருந்து பிறந்த வேடம்

ஆர்தர் கானன் டாயிலின் 'தி சைன் ஆஃப் ஃபோர்' 1890 பிப்ரவரியில் 'லிப்பின்காட்' மாத இதழில் வெளிவந்தது. ஷெர்லாக் ஹோம்ஸின் இரண்டாம் நாவலான அதன் முடிச்சு, 1857-இன் ஆக்ரா கோட்டையில் விழுகிறது. கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற ஜொனாதன் ஸ்மால், ஆக்ராவிலிருந்து சென்னைக்கும் அங்கிருந்து அந்தமானுக்கும் அனுப்பப்படுகிறான். காட்டில் நோயுற்றுக் கிடந்த டோங்கா என்ற தீவுக்காரனை அவன் குணப்படுத்துகிறான். நன்றியால் கட்டுண்ட டோங்கா அவனோடு இங்கிலாந்து வருகிறான். நச்சு முள்ளைக் குழாயில் ஊதிக் கொல்கிறான். இறுதியில் தேம்ஸ் ஆற்றில் சுடப்பட்டு மறைகிறான். கதை முழுவதும் அவனுக்கென்று உரையாடல் இல்லை.

டோங்காவை அறிமுகப்படுத்த ஹோம்ஸ் ஒரு நிலவியல் அகராதியை எடுத்துப் படிக்கிறார். அந்தமானியர் சராசரியாக நான்கடிக்கும் குறைவானவர்கள், உருச் சிதைந்த தலையினர், நச்சம்பு எய்பவர்கள், நரமாமிசம் உண்பவர்கள் என்கிறது அந்த ஏடு. நாவல் வெளிவரும் முன்பே இவற்றை மறுக்கும் சான்றுகள் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தன. போர்ட் பிளேரில் பல ஆண்டுகள் அதிகாரியாக இருந்த ஈ. எச். மேன், 1883-இல் நூலாக வந்த ஆய்வில் அந்தமானிய ஆண்களின் சராசரி உயரத்தை நான்கு அடி பத்தே முக்கால் அங்குலம் என்று அளந்து தந்தார்; நரமாமிசக் கதையை ஆதாரமற்றதென மறுத்தார். அந்தமானியரின் ஆயுதம் வில்லும் அம்பும். ஊதுகுழலும் நச்சும் அவர்களிடம் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் மார்கோ போலோ நாய்முகத்தார் என்று எழுதிய மரபின் நீட்சியாகவே டாயிலின் ஏடு அமைந்தது.

நாவலுக்குள்ளேயே ஓர் ஒப்புதல் வாக்குமூலம் ஒளிந்திருக்கிறது. பிழைப்புக்காகச் சந்தைகளில் டோங்காவை 'நரமாமிசம் தின்னும் கறுப்பன்' என்று காட்சிக்கு வைத்ததாகவும், பச்சை மாமிசம் தின்று போர்நடனம் ஆடிக் காட்டச் செய்ததாகவும் ஸ்மால் சொல்கிறான். அதாவது, கதையின் டோங்காவே பிறர் எழுதிய டோங்கா வேடத்தை நடித்துக் காசு சேர்த்துத் தருகிறான். விக்டோரியா காலச் சந்தைகளின் மனிதக் காட்சிகளை அறிந்த வாசகருக்கு இது புதிதாக இருந்திருக்காது. ஆனால் அகராதி சொன்னதும் சந்தை காட்டியதும் ஒன்றே என்பதை நாவலாசிரியர் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்நாவல் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் பலமுறை வந்தது: 1932-இல் ஆர்தர் வோண்ட்னர், 1983-இல் இயன் ரிச்சர்ட்சன், 1987-இல் ஜெரமி பிரெட் ஆகியோர் ஹோம்ஸாக நடித்தனர். 1987-ஆம் ஆண்டின் கிரனாடா தொலைக்காட்சிப் படத்தில் டோங்காவாக நடித்தவர் கிரண் ஷா. நைரோபியில் பிறந்த இந்திய வம்சாவளியினர். ஏறத்தாழ 126 சென்டிமீட்டர் உயரத்தினர். திறமைமிக்க சண்டைக் கலைஞர். அந்தமானிய ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 149 சென்டிமீட்டர். இங்கே தேர்வாளர்கள் மூலநூலுக்கு உண்மையாக இருந்தனர். மூலநூல் மனிதர்களுக்கு உண்மையாக இல்லை. அகராதியின் பிழைக்கு ஏற்ற உடலைத் தேடிக் கண்டுபிடித்தது தேர்வு. நடிகரின் திறமையில் இதற்குத் தீர்வு கிடையாது, ஏனெனில் குறை அவரிடம் இல்லை.

5. தமிழ்த் திரையின் அந்தமான்

இந்தியத் திரை டோங்காவைப் போல ஒருவனைப் படைக்கவில்லை. அது வேறு வழியில் சென்றது: தீவை எடுத்துக்கொண்டு தீவு மக்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் நாடகத்தைக் கொண்டு 1952-இல் எம். ஜி. ஆர். நடித்த 'அந்தமான் கைதி' வந்தது. முக்தா வி. சீனிவாசன் இயக்கத்தில் சிவாஜி கணேசனும் சுஜாதாவும் நடித்த 'அந்தமான் காதலி' 1978-இல் வந்தது. பிரியதர்ஷன் இயக்கி 1996-இல் மலையாளத்தில் 'காலாபானி' என்றும் தமிழில் 'சிறைச்சாலை' என்றும் வந்த படம், செல்லுலார் சிறையின் கொடுமைகளை மோகன்லால், பிரபு, தபு, அம்ரீஷ் பூரி ஆகியோரைக் கொண்டு விரிவாகக் காட்டியது.

முதல் தலைப்பு கைதியைச் சொல்கிறது, இரண்டாவது காதலியை, மூன்றாவது சிறையை. மூன்றிலும் தீவு என்பது பெருநிலத்தார் துன்புறவோ காதலிக்கவோ செல்லும் இடம். கைதிகளின் துயரம் உண்மை. அது திரையில் வர வேண்டியதே. ஆனால் கைதிகளுக்காகக் காடு திருத்தப்பட்டபோது அந்தக் காடு ஒருவருக்கு வீடாக இருந்தது என்ற மற்றொரு வரலாறு, கதையின் நடுவே இடம்பெறவில்லை. தவறான நடிகரைத் தேர்வது ஒருவகைப் பிழை. வேடத்தையே இல்லாமல் ஆக்குவது அதைவிட அமைதியான பிழை. விமர்சகர் எவரும் அதைக் குறிப்பிட வாய்ப்பில்லை.

6. தம்மையே நடிக்கச் செய்வது

அப்படியானால் தீவு மக்களையே கேமராவின் முன் நிறுத்தலாமே என்று தோன்றலாம். அதுவும் நடந்தது. 1974-இல் ஆவணப்படக் குழு ஒன்று வடக்கு சென்டினல் தீவின் கரையில் தேங்காய், பொம்மை, உயிருள்ள பன்றி முதலியவற்றை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றது. தீவினர் எய்த அம்பு ஒன்று இயக்குநரின் தொடையில் தைத்தது. பொம்மையையும் பன்றியையும் அவர்கள் மணலில் புதைத்தனர். ஒரு வேடத்தை ஏற்க மறுத்த செயல்களுள் இதைவிடத் தெளிவானதைத் திரைப்பட வரலாற்றில் காண்பது அரிது.

மறுக்க முடியாத நிலையில் இருந்தவர்களுக்கு நேர்ந்தது வேறு. ஜாரவா மக்களின் காட்டை ஊடுருவிச் செல்லும் அந்தமான் பெருஞ்சாலையில், பயணிகள் உணவுப் பொருள்களை வீசி அவர்களை ஆடச் சொன்ன காணொளி 2012 ஜனவரியில் வெளியாகி உலகெங்கும் கண்டனத்தை எழுப்பியது. இங்கே நடிகர் தேர்வில் பிழையே இல்லை: ஜாரவா வேடத்தில் ஜாரவா. ஆயினும் ஸ்மால் சந்தையில் டோங்காவை ஆடவைத்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரு நூற்றாண்டு மட்டுமே.

1956-இல் இயற்றப்பட்ட அந்தமான் நிகோபார் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2012-இல் திருத்தப்பட்டு, தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்குள் அனுமதியின்றி நுழைவதும், அம்மக்களைப் படமெடுப்பதும் இன்று குற்றம். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த சிறு சமூகங்களுக்கு ஒரு படப்பிடிப்புக் குழுவின் வருகை உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை 1877-இன் தட்டம்மை கற்பித்திருக்கிறது. எனவே ஜாரவா, சென்டினல் மக்களைப் பொறுத்தவரை 'பொருத்தமான நடிகர்' என்பவர் சட்டப்படியும் அறத்தின்படியும் கிடைக்கமாட்டார், கிடைக்கவும் கூடாது.

7. கற்பனைக் குடி

இந்த இடர்ப்பாட்டை உணர்ந்த படைப்பாளிகள் மூன்றாவது வழியொன்றைக் கண்டனர். 2023-இல் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த இந்தித் தொடர் 'காலா பானி', 2027-இன் அந்தமானில் கொள்ளைநோய் பரவுவதாகக் கதை சொல்கிறது. அதில் வரும் 'ஒராகா' என்ற பழங்குடி முற்றிலும் கற்பனை. வாழும் சமூகம் எதன் பெயரையும் பயன்படுத்தாமல் விட்டது மதிக்கத்தக்க கட்டுப்பாடு. தீவு மக்களின் அறிவையும் உரிமையையும் கதையின் மையத்துக்குக் கொண்டுவர அத்தொடர் முயன்றதும் உண்மை.

எனினும் கற்பனைக் குடிக்கு ஒரு வசதி இருக்கிறது: அதனால் ஆட்சேபிக்க முடியாது. தொடரில் காணும் அந்தமான் உண்மையான அந்தமான். அங்குள்ள கடற்கரைகளும் அலுவலகங்களும் உண்மை. பழங்குடி மட்டும் புனைவு. பார்வையாளர் மனத்தில் அப்புனைவு எவர்மீது படியும் என்பதைப் படைப்பாளி தீர்மானிக்க இயலாது. பெயரை மாற்றினால் பொறுப்பு குறையும், தீராது.

8. பெயரும் ஒரு வேடமே

ஹேவ்லாக் என்ற பெயரே இவ்வரலாற்றின் ஒரு பகுதி. ஹென்றி ஹேவ்லாக் 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய படைத்தலைவர்களுள் ஒருவர். அவ்வாண்டு நவம்பரில் லக்னோவில் இறந்தார். அவருடைய பெயரும் நீல், அவுட்ராம், நிக்கல்சன், லாரன்ஸ் முதலியோரின் பெயர்களும் ரிச்சி தீவுக்கூட்டத்தின் தீவுகளுக்குச் சூட்டப்பட்டன. கிளர்ச்சியாளர்கள் கைதிகளாக வந்திறங்கிய கடலில், அவர்களை ஒடுக்கியோர் தீவுகளாக நின்றனர்.

2018 டிசம்பர் 30-இல் ஹேவ்லாக் 'ஸ்வராஜ் த்வீப்' ஆயிற்று. நீல் 'ஷஹீத் த்வீப்' ஆயிற்று. இவை சுபாஷ் சந்திர போஸ் 1943-இல் இட்ட பெயர்கள். ஆனால் அவர் 'ஷஹீத்' என்றது அந்தமானை. 'ஸ்வராஜ்' என்றது நிகோபாரை. நிகோபாருக்கென எழுதிய பெயரை இன்று அந்தமானின் ஒரு தீவு ஏற்று நிற்கிறது. காலனியப் பெயர் நீங்கியதில் நியாயம் உண்டு. அகர்-பாலே மக்கள் அத்தீவை அழைத்த பெயர் இந்த மாற்றத்தில் பேச்சுக்கே வரவில்லை என்பதும் பதிவாக வேண்டும். தளபதியிடமிருந்து தலைவரிடம் வேடம் கைமாறியது; முதலில் இருந்தவர்கள் இம்முறையும் தேர்வு செய்யப்படவில்லை.

எஞ்சியிருப்பது குரல். பெரும் அந்தமானியர் இன்று சில பத்துப் பேரே; அவர்களிற் பலருக்கு இடம் ஸ்ட்ரெய்ட் தீவு. அவர்களின் மொழியை மொழியியலாளர் அன்விதா அப்பி பல ஆண்டுகள் பதிவு செய்தார். அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளராக அறியப்பட்ட போவா சீனியர் 2010 ஜனவரியில் காலமானார்; அவர் பேசியதும் பாடியதும் ஒலிப்பதிவாக உள்ளன. நாவோ ஜூனியர் என்பவர் நினைவிலிருந்து சொன்ன கதைகள் அப்பியின் நூலாக 2021-இல் வெளிவந்தன. டோங்காவுக்கு ஒரு வசனம்கூடத் தராத நாவல் தொடர்ந்து படமாகிக்கொண்டிருக்க, சொந்த வாயால் சொல்லப்பட்ட இக்கதைகள் பல்கலைக்கழக நூலகங்களில் கிடக்கின்றன.

நாடகத் துறை மாணவரோ, திரைக்கதை எழுதுபவரோ அந்தமானைத் தொடும்போது, 'இந்த வேடத்துக்கு யார் பொருத்தம்' என்ற கேள்விக்கு முன்னால் மற்றொன்றைக் கேட்டாக வேண்டும்: இந்த வேடத்தை எழுதச் சொன்னவர் யார்? அதற்கு விடை ஒரு பழைய அகராதியாகவோ சந்தையின் ஆவலாகவோ இருந்தால், எந்த நடிகரும் அவ்வேடத்துக்குப் பொருந்தமாட்டார். விடை நாவோ ஜூனியரைப் போன்ற ஒருவரின் நினைவாக இருந்தால், அதைச் சொல்லும் உரிமையும் சொல்லாமல் விடும் உரிமையும் அவருடைய மக்களிடமே இருக்கும். நடிகர் தேர்வு அதன் பின்னரே தொடங்கும்.